சுவாமி பேருக்கு

எங்கள் மேல்வீட்டுக்காரர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மந்தைவெளி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அவர் மாடி, நான் கீழே. பிளாக்கில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் அவருக்கு நைனா, பொம்பிளைகள் எல்லோரும் யம்மா. பால் பாக்கெட் போடுகிறவனும் நைனாதான், ரிட்டயரான தாசில்தாரும் நைனாதான். தாசில்தாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஒருநாள் நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பின்பக்கம் துணி உலர்த்தப் போய்விட்டேன். பால் பொங்கிக் கருகுகிற வாசனை மாடி வரைக்கும் போயிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் பால்கனியிலிருந்து ஒரு குரல் கொடுத்திருப்பார்கள். இவர் முட்டிவலியோடு படியிறங்கி வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, என் எதிரில் நின்று, "யம்மா, பாலு பூடுச்சி" என்றார். பால் மட்டுமா, பாத்திரமே போயிருந்தது. பேரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டேன். அதற்கும் ஒரு சிரிப்புதான். அந்தச் சிரிப்பில் சத்தமே வராது.

நான் மந்தைவெளி மார்க்கெட் பக்கம் ஒரு டாக்டரின் கிளினிக்கில் முன்னால் உட்கார்ந்து நோயாளிகளை வரிசைப்படி உள்ளே அனுப்புகிறவள். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது என் வேலையில் சேர்ந்ததில்லை என்று நினைப்பவள். அவர் சர்க்கரைக்கு எங்களிடம்தான் வருவார். முதல் தடவை வந்தபோதே என் மேஜைமேல் குனிந்து, "பேரு கூப்டாத யம்மா. நீ என்னிய ஒரு தபா பாரு, நான் எந்திரிச்சி வந்துடறேன்" என்றார். பெரிய ரகசியப் போலீஸ் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் கடைசிவரை அப்படித்தான் செய்தேன். அவருடைய பேர் எனக்குத் தெரியும். அவருக்குப் பிடிக்காது என்பதால் இங்கேயும் எழுதவில்லை.

இத்தனைக்கும் அவர் ஊமைக்குசும்பு பிடித்தவரோ ஒட்டாதவரோ இல்லை. கொடியிலிருந்து விழுந்த துணியை எடுத்து உதறி யார் வீட்டுத் துணி என்று பார்த்து வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். வீட்டில் மீன் வாங்கினால் கொஞ்சம் குழம்பு கீழே வரும். நல்ல உயரம், காளைக் கழுத்து. ஆனால் பேச்சு மட்டும் வாய்க்குள்ளேயே உருளும். எதையும் இரண்டாம் முறை கேட்டால்தான் விளங்கும்.

அந்தத் தொண்டைக்குள் வேறு என்ன இருந்தது என்பதை ஒரே ஒரு தடவை பார்த்தேன். மந்தைவெளி பஸ் டிப்போ வாசலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே சாலையில் இறங்க, பஸ் ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. எனக்கு ஓரடி முன்னால் நடந்துகொண்டிருந்தவர் "ஏய்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் நின்றாள், பஸ் நின்றது, எதிர்ப்பக்கம் பூக்கட்டுகிறவள் கை நின்றது, ஆட்டோ ஸ்டாண்டில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விட்டார். ஒரு நல்ல காரியம் செய்தவர் நடக்கிற நடையாக அது இல்லை.

கோயில் விஷயமும் இப்படித்தான். எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன முருகன் கோயில் இருக்கிறது. கிருத்திகைதோறும் அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பார். குருக்கள் ஒவ்வொருவரிடமும் பேர், நட்சத்திரம் கேட்டுக்கொண்டு வருவார். நாமெல்லாம் வீட்டில் இருக்கிற உருப்படிகள் அத்தனையையும் ஒப்பித்து, வெளிநாட்டில் இருக்கிற நாத்தனார் மகன் வரைக்கும் போவோம். இவர் முறை வந்தால் "சாமி பேருக்கு" என்பார். அது வழக்கத்தில் உள்ளதுதான், தப்பில்லை. ஆனால் மகள் வயிற்றில் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் சாமி பேருக்கு, பெண்சாதி செத்துப்போகப் போகிறாள் என்று டாக்டர் கைவிரித்தபோதும் சாமி பேருக்கு என்றால் எனக்குக் கோபம் வராதா? அவருடைய பெண்சாதி போவதற்கு முன் என்னிடம் சொல்லி அழுதார்: கல்யாணமான புதிதில் ஆசையாகப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாராம். நடுவில் ஒருநாள் நின்றுபோனதாம். ஏனென்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். தொண்டை சரியில்லை என்றாராம்.

ஒரே மகள், மாலதி. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. கல்யாணமாகி அங்கேயே குடியிருந்தாள். நாற்பதைத் தொட்டவளை அவர் பாப்பா என்றுதான் சொல்வார். அவளுடைய பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று நானும் போயிருந்தேன். குழந்தையின் காதில் தாத்தாதான் பேரை மூன்று தரம் சொல்ல வேண்டும். அவர் குழந்தையை வாங்கி, குனிந்து, காதோடு வாயை வைத்தார். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன். உதடு அசையவே இல்லை. மூச்சுதான் போய் வந்தது, குழந்தைக்குக் கூசியிருக்க வேண்டும், தலையைத் திருப்பிக்கொண்டது. யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இதற்கெல்லாம் விடை ஒரு கோடையில் தண்ணீர் லாரியோடு வந்து சேர்ந்தது. குழாயில் காற்றுகூட வராத கோடை அது. லாரி வந்து நின்றால் குடத்தோடு குடம் மோதி, தலைமுடியைப் பிடிக்காத குறை. அசோசியேஷன் கூடி ஒரு யோசனை சொன்னார்கள்: ஒருத்தர் நின்று வீட்டுக்காரர்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டவர்கள் மட்டும் வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். டிப்போ வாசலில் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் இவரைக் கைகாட்டினார். தாசில்தாரும் பழைய வருத்தத்தை மறந்து ஆமோதித்தார். இவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். குடத்தைக் கீழே வைத்தார். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த லாரிக்கும் தண்ணீர் பிடிக்க வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். வீம்புக்கும் ஒரு அளவு இருக்கிறது மாமா, நாலு பேரைக் கூப்பிட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா என்று கேட்டேன். தண்ணீரை வாங்கி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "பொழப்பே அதான் யம்மா எனுக்கு, பேரு கூப்புடறது" என்று ஆரம்பித்தார்.

அவர் ஹார்பரில் வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். என்ன வேலை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கப்பல் வந்தால் அன்றைக்கு உள்ளே போய்ச் சரக்கு இறக்குகிறவர்கள் யார் யார் என்பதைக் காலையில் கேட் வாசலில் ஒருத்தர் கூப்பிடுவார். இருக்கிற வேலையைப் போல மூன்று பங்கு ஆட்கள் வந்து நிற்பார்கள். கூப்பிட்டவனுக்கு அன்றைக்கு அடுப்பெரியும், கூப்பிடாதவன் வீட்டுக்குப் போகலாம். கூப்பிடுகிற அதிகாரம் சங்கத்துக்கு. சங்கம் யாருக்கு என்றால், அங்கே ஒருவன் இருந்தான். எந்தப் பதவியிலும் இல்லை, எந்த போர்டிலும் அவன் பேர் கிடையாது, ஆனால் தலைவர், செயலாளர் எல்லோரும் அவன் எதிரில் உட்கார மாட்டார்கள். அவனை எல்லோரும் அண்ணாத்தே என்பார்கள். கொலைக்கேசில் உள்ளே போய் வந்தவன். சங்கத்தை எப்படிப் பிடித்தான் என்று இவர் விளக்கவில்லை. எதிர்த்து நின்றவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள் என்று மட்டும் சொன்னார்.

இவர்தான் அந்தக் கேட்டின் மேஸ்திரி. கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிமேல் ஏறி நின்று கூப்பிடுவார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. அது அண்ணாத்தேயின் ஏற்பாடு. எழுதி வைத்தால் நாளைக்கு எவனாவது எடுத்து நீட்டுவான், வாயிலிருந்து போன பேரை யார் பிடித்து வைப்பார்கள்? ஒரே பேரில் பலர் இருப்பார்கள் என்பதால் ஊரைச் சேர்த்துக் கூப்பிட வேண்டும். நொச்சிக்குப்பம் மாரி, ராயபுரம் மாரி, கொண்டித்தோப்பு மாரி. பெட்டிமேல் ஏறுவதற்கு முன் டீக்கடையில் அண்ணாத்தேயின் ஆள் வந்து, இன்றைக்கு யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று காதில் சொல்லிவிட்டுப் போவான். கூலியில் பங்கு தராதவன், ஊர்வலத்துக்கு வராதவன், கேள்வி கேட்டவன்.

விட்டுப்போனவர்கள் உடனே கலைந்து போக மாட்டார்களாம். யாரோ சிநேகிதனுக்காகக் காத்திருப்பதுபோல் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பார்களாம். மறுநாள் அவர்கள் பெண்சாதிகள் இவர் வீட்டு வாசலில் மீனோடு வந்து நிற்பார்களாம். மீனை வாங்கிக்கொண்டதாகவும் சொன்னார்.

"கூப்புடறப்போ நல்லாதான் இருந்துச்சி யம்மா. அத்தினி பேரும் என் வாயவே பாத்துக்கினு நிப்பாங்க. அதான் இப்போ நெஞ்ச அறுக்குது" என்றார்.

நான் படியிறங்கி வந்தபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. சோறு கிடைக்காமல் போன வீடுகளை நினைத்து வருந்துகிறார், அதனால்தான் பேர் வாயில் வரவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். வேலையை விட்டு வந்தவருக்கு ஹவுசிங் போர்டு வீடு எப்படி அமைந்தது, சங்கம் வாங்கித் தந்ததா என்ற கேள்வியும் படியில் வந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் மீன் குழம்பு வந்தது. நானும் வாங்கிக்கொண்டேன்.

கொரோனா அடங்கிக் கொஞ்ச காலம் கழித்து, ஒரு மத்தியானம், ஒரு பெண் என் வாசலில் வந்து மேஸ்திரி வீடு எது என்று கேட்டாள். ஐம்பது வயதிருக்கும். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பேர் போட்ட யூனிபார்ம் சேலை. நின்று நின்று கால் இரண்டும் வீங்கியிருந்தது, கிளினிக்கில் இருந்து பழகியதால் எனக்கு முதலில் அதுதான் கண்ணில் படும். மேஸ்திரி என்ற சொல்லை நான் அதற்குமுன் ஒரே ஒரு தடவை, அவர் வாயால்தான் கேட்டிருந்தேன். அவளை மாடிக்குக் கூட்டிப்போனேன். அவர் கதவைத் திறந்து அவளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவள் பேர் கஸ்தூரி. அவளுடைய புருஷன் ஏகாம்பரம், சிந்தாதிரிப்பேட்டைக்காரன், அந்த கேட்டில் நின்றவன். சங்கக் கூட்டத்தில் ஒருநாள் எழுந்து, கையைத் தூக்கி ஓட்டுப் போடுவது வேண்டாம், எல்லோரும் பெட்டியில் சீட்டுப் போடுவோம் என்று சொல்லியிருக்கிறான். கையைத் தூக்குகிற இடத்தில் அண்ணாத்தேயின் ஆட்கள் நின்று பார்ப்பார்கள், தூக்காமல் யாரும் தப்ப முடியாது. அதைத்தான் அவன் மாற்றச் சொன்னான். அதற்குப் பிறகு ஆடி முழுக்க, ஆவணி முழுக்க, தீபாவளி தாண்டியும் அவன் பேரைக் கூப்பிடவில்லை. தினமும் போய் நின்று திரும்பி வந்திருக்கிறான். பிறகு ஒருநாள் கூப்பிட்டார்கள். முதல் பேராகவே கூப்பிட்டார்கள். அன்றைக்கே, கப்பலின் அடியில் அவன் நின்றிருந்த இடத்துக்கு மேலே, கிரேனில் தொங்கிய சரக்கு அறுந்து விழுந்தது.

மறுநாள் சங்கம் சொன்னது: அன்றைக்கு அவனை யாரும் கூப்பிடவே இல்லை. வேலை இல்லாதவன் திருடுவதற்காகக் கப்பலுக்குள் இறங்கியிருக்கிறான். அப்படித்தான் எழுதி முடித்தார்கள். கஸ்தூரி விடவில்லை. அவள் போட்ட வழக்கு இத்தனை வருஷத்தில் தள்ளுபடியாகி, மேலே போய், மறுபடியும் விசாரிக்கச் சொல்லித் திரும்பிக் கீழே வந்திருந்தது. அன்று காலையில் கேட்டில் நின்றவர்களில் பாதிப்பேர் செத்துவிட்டார்கள், மீதிப்பேர் வாய் திறக்க மாட்டார்கள். கூப்பிட்டவர் ஒருவர் இருக்கிறார் இல்லையா?

"எனுக்கு வேற எதுவும் வேணாம் மேஸ்திரி. நீ கூப்ட்ட, அவுரு உள்ள போனாரு. அத்த மட்டும் வந்து சொல்லு. திருடன்னு எழுதி வெச்சிக்கிறாங்க. என் பொண்ணு கல்யாணத்துல கூட அதான் பேச்சு" என்றாள் கஸ்தூரி.

 அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று டீக்கடையில் அண்ணாத்தேயின் ஆள் வந்து, சிந்தாதிரிப்பேட்டையை முதலில் கூப்பிடு, இரண்டாம் நம்பர் கப்பலுக்கு அனுப்பு என்றானாம். கோபம் தணிந்துவிட்டது போலிருக்கிறது என்று இவருக்குச் சந்தோஷமாம். வழக்கத்தைவிடச் சத்தமாகக் கூப்பிட்டாராம். அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து இவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனானாம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விட்டுவிட்ட பேர்களுக்காக இல்லை, கூப்பிட்ட ஒரு பேருக்காக அவர் வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். தெரிந்துதான் கூப்பிட்டீர்களா என்று கஸ்தூரி எதிரிலேயே கேட்டுவிட்டேன். தெரியாது என்றார். ஏன் திடீரென்று கூப்பிடச் சொல்கிறார்கள் என்று கேட்கவுமில்லை என்றார்.

வருகிறேன் என்று அவர் கஸ்தூரிக்கு வாக்குக் கொடுத்தார். என் காதால் கேட்டேன். நடுவில் அவர் மனசு மாறிவிடக்கூடாதே என்று தினமும் ஒரு சாக்கில் மாடியேறிப் பார்த்துவிட்டு வந்தேன். விசாரணை தேனாம்பேட்டை லேபர் ஆபீசில். கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு நானே ஆட்டோவில் கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட வேட்டி. ஆழ்வார்பேட்டை சிக்னலில் வண்டி நின்றபோது தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரி செய்துகொண்டார். கச்சேரிக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறீர்கள் என்று கேலி செய்தேன், சிரித்தார்.

ஆபீஸ் வராந்தாவில் கஸ்தூரி எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். எதிர் பெஞ்சிலிருந்து சபாரி போட்ட ஒருவர் எழுந்து வந்து இவரைக் கும்பிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் சந்தனம், மரியாதையான முகம். சங்கத்தின் இப்போதைய செயலாளராம். அண்ணாத்தே செத்துப்போய் அவனுடைய மகன் கையில் சங்கம் இருந்தது. கண்டெய்னர் வந்து ஆள் குறைந்தாலும், லாரி உள்ளே போவதிலிருந்து எல்லாம் இன்னும் அவர்கள் சொல்படிதான் என்று கஸ்தூரி பிறகு சொன்னாள். அந்த மனிதர் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உடம்பு எப்படி என்று விசாரித்தார். எங்கள் எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷன் என்றே நானும் நினைத்தேன்.

"மாலதி நல்லாகீதா மேஸ்திரி? அடையார்ல அந்த ஸ்கூல்லதான இன்னும் வேல செய்யுது? சாயங்காலம் அங்க டிப்போல பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருக்கும், அடிக்கடி பாப்பேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சிரித்த முகத்தோடு போய் உட்கார்ந்துகொண்டார். மேல்வீட்டுக்காரர் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டும்வரை அதைக் குடிக்கவில்லை. பியூன் வாசலுக்கு வந்து அவருடைய பேரை உரக்கக் கூப்பிட்டான். நான் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

உள்ளே இருந்த அதிகாரி ஒரு பெண், பொறுமையானவள். அன்றைக்குக் காலையில் ஏகாம்பரம் பேரைக் கூப்பிட்டீர்களா என்று நேராகவே கேட்டாள். திறந்திருந்த கதவு வழியாக எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"ஞாபகம் இல்லீங்க" என்றார்.

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். வயதாகிவிட்டது என்றார். வேறு யாரையாவது கூப்பிட்டது நினைவிருக்கிறதா என்றாள். எதுவுமே நினைவில்லை என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். கஸ்தூரி அழவில்லை, அவரைத் திட்டவில்லை. டிபன் டப்பா இருந்த பையை எடுத்துக்கொண்டு, அரை நாள்தான் லீவு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். வழக்கு அதோடு முடிந்தது. ஏகாம்பரம் திருடனாகவே நின்றான்.

நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். மீன் குழம்பு வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். கிளினிக்குக்கு வந்தால் அவரைப் பார்க்க மாட்டேன். பார்க்காவிட்டால் தன் முறை வந்தது அவருக்குத் தெரியாது, அதனால் எல்லோரும் போன பிறகு கடைசியாக உள்ளே போவார். கோபம் எனக்கு அந்தச் சபாரிக்காரன்மேல் வந்திருக்க வேண்டும். ஆனால் அவனை மறுபடி எங்கே பார்க்கப்போகிறேன், இவர்தான் தினமும் எதிரில் நடக்கிறார்.

அந்த வருஷத்து ஆடிக்கிருத்திகை. கோயிலில் நிற்க இடமில்லை. அவர் எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் தட்டோடு நின்றிருந்தார், ஆளே பாதியாக இளைத்திருந்தார். குருக்கள் அவரிடம் வந்ததும், பழகிப்போன வழக்கத்தில் கேட்காமலே, "சுவாமி பேருக்குத்தானே?" என்று தட்டை வாங்கக் கை நீட்டினார். அவர் தட்டைக் கொடுக்கவில்லை. கழுத்து விடைத்தது. டிப்போ வாசலில் நான் கேட்ட அந்தக் குரல் வந்தது.

"சிந்தாதிரிப்பேட்ட ஏகாம்பரம்!"

மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. குருக்கள் நடுங்கிப்போய், "நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். அவர் விழித்தார். தெரியாது என்று தலையாட்டினார். செத்தவர் பேரில் அர்ச்சனை செய்யக்கூடாது என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை, பாவம் குருக்களுக்கு என்ன தெரியும், பேரை மட்டும் சொல்லி அர்ச்சனையை முடித்துத் தேங்காய் மூடியைக் கையில் கொடுத்தார்.

வெளியே செருப்பு விட்ட இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். சண்டை போடத்தான் போனேன். இந்தக் குரலைத் தேனாம்பேட்டையில் காட்டியிருக்கலாமே மாமா, முருகனா வந்து அவள் புருஷன் திருடனில்லை என்று எழுதிக் கொடுக்கப்போகிறான் என்று கேட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாப்பா பேரு அவன் வாயில வந்திச்சே யம்மா. நீயும் கேட்டல்ல. பேரு கூப்ட்டா இன்னா ஆவும்னு எனுக்குத் தெரியும்" என்றார்.

 அவரை அறையலாம் போலவும் இருந்தது, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் போலவும் இருந்தது. இரண்டாவதைச் செய்தேன். அடுத்த தடவை மீன் குழம்பு வந்தபோது வாங்கிக்கொண்டேன்.

தைக்கு முன்பே போய்விட்டார். சர்க்கரை காலில் ஆரம்பித்து மேலே ஏறிவிட்டது. சங்கத்திலிருந்து இரண்டு கார்களில் வந்தார்கள். ஆளுயர ரோஜா மாலை, அதில் சங்கத்தின் பேர் போட்ட ரிப்பன். சபாரிக்காரர் அன்றைக்கு வெள்ளை வேட்டியில் வந்து, மாலதியின் தலையில் கைவைத்து, எது வேண்டுமானாலும் தயங்காமல் கேளம்மா என்றார். அவள் விவரம் தெரியாமல் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நான் எழுந்து கீழே வந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு கஸ்தூரி வந்தாள். மாடிக்கு வரவில்லை, என் வீட்டில் உட்கார்ந்தாள். யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாளாம். அவர்மேல் கோபமா என்று நான் கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். நாற்காலிமேல் கிடந்த உலர்ந்த துணிகளை அவள் கை தானாக எடுத்து மடிக்க ஆரம்பித்தது, கடைப் பழக்கம். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கோயிலில் நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளுக்குள் எவ்வளவு வெந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

மடிக்கிற கை நின்றது. சத்தமாகவா சொன்னார் என்று கேட்டாள். கோயில் முழுக்கக் கேட்டது என்றேன். ஊரோடு சேர்த்தா என்று கேட்டாள். சிந்தாதிரிப்பேட்டை ஏகாம்பரம் என்றுதான் என்றேன். நட்சத்திரம் கேட்டார்களா என்றாள். கேட்டார்கள், அவருக்குத் தெரியவில்லை என்றேன்.

"விசாகம்" என்றாள்.

பிறகு மடித்த துணிகளை அடுக்கி, மேலாக ஒருமுறை தடவிச் சமன் செய்தாள். காபியைத் தொடவில்லை.

"அப்போ ஞாபகம் இருந்துக்கீது" என்றாள்.

கடைக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.